கடற்கரைப் பூங்காவை ஊரே பராமரிக்க நினைத்தால்: மண்வெட்டிக்கு முன்னால் ‘அ’ பதிவேடு

இராமநாதபுரம் மாவட்டத்தில் வடகடல் (பாக் விரிகுடா) ஓரமாக இருக்கிறது எங்கள் ஊர். கரையை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா, 30 சென்ட் இருக்கும். எப்போதோ போட்ட இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, உடைந்த சிமெண்ட் பெஞ்சுகள், இடுப்பளவுக்குச் சீமைக் கருவேலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் மண்வெட்டி, அரிவாளோடு இறங்கிச் சுத்தம் செய்தோம். அடுத்த வாரமே வசூல் பண்ணிக் கல்தூண் நட்டுக் கம்பிவேலி போட்டோம். ஊரே பாராட்டியது. நாலாவது மாதம் நோட்டீஸ் வந்தது. வேலிக்குள் கிழக்குப் பக்கம் இருப்பது பூங்கா நிலமே இல்லை, வேறொரு துறையின் இடம், 15 நாளில் அகற்றவும் என்று. 18,000 ரூபாய் வேலியை நட்ட கையாலேயே பிடுங்கினோம்.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் முறைப்படி செய்து முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. வரிசை தெரிந்திருந்தால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கரையூரில் இதைத் தொடங்கினாலும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. இடம் யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள்

பூங்கா என்று போர்டு இருக்கிறது, அதனால் அது பேரூராட்சி இடம் என்று முடிவு கட்டாதீர்கள். கரையோர நிலம் உள்ளாட்சிக்குச் சொந்தமாக இருக்கலாம், வருவாய்த்துறைப் புறம்போக்காக இருக்கலாம், வனத்துறை, மீன்வளத்துறை, சுற்றுலாத்துறை, ரயில்வே, கோயில் என்று யாருடையதாகவும் இருக்கலாம். பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் ஒரே மணல்தான்.

முதலில் சர்வே எண் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் இடத்தைக் காட்டிக் கேட்டால் சொல்லிவிடுவார். எண் கிடைத்ததும் வருவாய்த்துறையின் மின்சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், எண் கொடுத்து ‘அ’ பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்க் கணக்கு) புலப்படத்தையும் (நிலத்தின் எல்லை வரைபடம்) எடுங்கள். ‘அ’ பதிவேட்டில் எல்லோரும் உரிமையாளர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் படியுங்கள். மயானம், வண்டிப்பாதை, கடற்கரை என்று அந்த நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டது என்பது அங்கேதான் இருக்கும். எங்கள் பூங்கா கண்ணுக்கு ஒரே இடம், காகிதத்தில் இரண்டு உட்பிரிவு. ஒன்றில் ‘பூங்கா’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘கடற்கரை’ என்ற ஒரே சொல். அந்த ஒரு சொல்லின் விலைதான் 18,000.

புலப்படத்தை அச்செடுத்துக்கொண்டு நேரில் போய் எல்லைக்கல் தேடுங்கள். மணல் மூடியிருக்கும். கிடைக்காவிட்டால் நில அளவைக்குப் பணம் கட்டி சர்வேயரை வரவழையுங்கள். நாள் பிடிக்கும்தான். ஆனால் வேலியைப் பிடுங்குவதை விட இது குறைவு.

மனைப்பிரிவுக்குள் இருக்கும் பூங்கா என்றால் கதை வேறு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை அடித்திருப்பதைக் காட்டி, “பார்க் இருக்கு சார்” என்பார் விற்பவர். பத்திரம் பதிவானதா என்பதுதான் கேள்வி. அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். பதிவாகவில்லை என்றால் முதல் வேலை செடி நடுவதில்லை, பத்திரத்தைப் பதிய வைப்பது.

2. படகும் வலையும் இருக்கிற இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை நாங்கள் கடைசியில் செய்தோம். இரண்டாவதாகச் செய்ய வேண்டியது இதுதான்.

கரை என்பது கடலுக்குப் போகிறவர்களின் வேலைக்களம். படகு ஏற்றும் இடம், வலை காய வைக்கும் இடம், கருவாடு போடும் இடம், கரைவலை இழுக்கும் பாடு எல்லாம் பட்டா இல்லாமலே தலைமுறையாகப் பிரிந்து கிடக்கும். காகிதத்தில் இருக்காது, ஊருக்குத் தெரியும். நாங்கள் புல் விதைத்த மறுவாரம் அதன்மேல் வலை விரிந்து கிடந்தது. கோபத்தோடு போய்க் கேட்டேன். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “தம்பி, எங்கப்பா காலத்துல இருந்து வலை இங்கதான் காயுது. புல்லு இப்பத்தானே வந்துச்சு?” பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஊர்த் தலைவர், மீனவர் கூட்டுறவுச் சங்கம், ஜமாஅத், பங்குப் பேரவை என உங்கள் ஊரில் எது நடைமுறையோ அதன் வழியாக ஒரு கூட்டம் போடுங்கள். கரையில் நடந்துபோய்க் கயிறு பிடித்து எல்லை வையுங்கள். எங்கள் பூங்காவின் கடல் பக்கம் வேலியே கிடையாது, வடமேற்கு மூலை வலைக்கு. அதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அன்றிலிருந்து இரவில் பாட்டில் உடைக்கிறவர்களை விரட்டுவது அந்தப் பெரியவரின் பேரன்கள்தான்.

கூட்டத்துக்கு நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதாவது 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். கையில் பணம் இருக்காது. அதனால் அந்த மாதங்களில் வசூல் பேச்சை எடுக்காதீர்கள்.

3. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

வாட்ஸ்அப் குழுவோடு யாரும் ஒப்பந்தம் போட மாட்டார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். 20 பேருக்குக் குறையாமல் உறுப்பினர் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தாண்டினாலோ பதிவு கட்டாயம். நம் வேலைக்கு 10,000 இரண்டு மாதத்தில் தாண்டிவிடும்.

தேவையானவை: சங்கத்தின் நோக்கக் குறிப்பு, துணை விதிகள், உறுப்பினர்களின் ஆதார் நகல், சங்க முகவரிக்கு வீட்டுவரி ரசீது, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம். இராமநாதபுரத்தில் உள்ள மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை முடியும். துணை விதிகளை வேறு சங்கத்திடம் வாங்கி அப்படியே நகலெடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம். அதில் ‘மனமகிழ் மன்றம்’ என்று ஒரு வரி மிச்சமிருந்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் போச்சு.

நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர். கரையில் தினம் இருக்கும் பெண்கள் இரண்டு பேராவது இருக்கட்டும். பூங்காவில் என்ன உடைந்தது என்று முதலில் அறிவது குழந்தையைக் கூட்டி வருகிறவர்கள்தான்.

பதிந்ததும் பான் அட்டை, அப்புறம் வங்கிக் கணக்கு. இருவர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று தீர்மானம் போடுங்கள். மார்ச் 31-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். முதல் வருஷ உற்சாகத்தில் பதிந்துவிட்டு இரண்டாம் வருஷம் இதை மறந்து, அபராதம் கட்டி அலைகிற சங்கங்கள் ஏராளம். செப்டம்பர் 30-ஐக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

4. மனு, தீர்மானம், ஒப்பந்தம்

வாய்மொழி அனுமதி அனுமதியே இல்லை. “செய்ங்க தம்பி, நல்ல விஷயம்தானே” என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனதும், வந்தவருக்கு நீங்கள் ஆக்கிரமிப்பாளர்.

நகராட்சி என்றால் ஆணையாளர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். கிராம ஊராட்சி என்றால் தலைவர், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர். மனுவோடு ‘அ’ பதிவேடு, புலப்படம், சங்கப் பதிவுச் சான்று, மீனவர்களோடு போட்ட எல்லைத் தாள், இடத்தின் நாலைந்து படங்கள் வையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை வாங்காத மனு கொடுக்காத மனு.

கிராம ஊராட்சியில் கிராம சபைத் தீர்மானம் வலுவானது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே எழுதிக் கொடுத்துப் பொருளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் போய் மைக்கில் பேசினால் கைதட்டல் கிடைக்கும், தீர்மானப் புத்தகத்தில் வரி இருக்காது. முடிந்ததும் சான்றிட்ட நகல் கேட்டு வாங்குங்கள்.

தீர்மானத்தின் அடிப்படையில் ஒப்பந்தம். முத்திரைத்தாள் முன்பு 20 ரூபாய், 2024 முதல் 200. இவை எழுத்தில் இருக்க வேண்டும்: மின் கட்டணம் யார், தண்ணீர் யார், குப்பை வண்டி எந்த நாள், நாம் வைக்கும் பொருள் யாருக்குச் சொந்தம், குழந்தைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, விலக எத்தனை மாத அறிவிப்பு. மின் இணைப்பு உள்ளாட்சியின் பெயரிலேயே இருக்கட்டும். தனியார் பெயரில் வாங்கினால் அவர் ஊர் மாறும்போது விளக்கும் போய்விடும்.

இன்னொரு பொறி: சுண்டல் கடை, பஜ்ஜிக் கடைக்காரரிடம் ‘பூங்கா நிதி’ என்று மாதம் 500 வாங்க ஆசை வரும். வாங்காதீர்கள். தெருவோர வியாபாரிகளுக்கான அனுமதி உள்ளாட்சியின் வேலை. நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணமும் அப்படியே.

5. கட்டுமானம்: இலவச ஜேசிபியைத் திருப்பி அனுப்புங்கள்

உயர் அலைக் கோட்டிலிருந்து (ஏற்றத்தின்போது கடல் எட்டும் எல்லை) நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். பூங்கா பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். சுவர், கழிப்பறை, மேடை என்று நிரந்தரமாக எது கட்டுவதற்கும் முன்னால் மாவட்டக் கடலோர மேலாண்மைக் குழு வழியாகப் போக வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மாதக்கணக்கில் ஆகும். அதனால் முதல் வருஷம் கழற்றி எடுக்கக்கூடிய பொருளோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஊரில் ஒருவர் கட்டாயம் வருவார்: “நம்ம ஜேசிபி சும்மாத்தான் நிக்குது, ஒரு மணி நேரத்துல மேட்டைச் சமமாக்கிடலாம்.” வேண்டாம். அழகுபடுத்துவதற்காக மணல் மேட்டைச் சமன்படுத்துவதே இந்த விதியில் தடை. வாடைக் காலத்தில் கடல் ஏறி வரும்போது அந்த மேடுதான் முதலில் அடி வாங்கும், அதில் படர்ந்த அடும்பும் ராவணன் மீசையும்தான் மணலைப் பிடித்து வைக்கும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். போர்வெல்லுக்கும் கட்டுப்பாடு உண்டு, போட்டாலும் உப்புத் தண்ணீர்தான் வரும்.

6. பணம்

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். பகுதிநேரம் பெருக்கித் தண்ணீர் ஊற்றும் அக்காவுக்கு மாதம் 5,000, கோடையில் தண்ணீருக்கு 2,500, சில்லறைப் பழுதுக்கு 1,500. மொத்தம் 9,000. அறுபது வீடு, வீட்டுக்கு 150 என்று பேசினோம். கணக்கு சரியாக வந்தது, பணம் வரவில்லை. ஒழுங்காகக் கொடுப்பது நாற்பது வீடு. திட்டமிடும்போதே மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

புதிதாக ஒன்று செய்ய அரசுப் பணம் கிடைக்கும். நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியையும் கேட்கலாம். ஆனால் போட்டதைப் பராமரிக்க இந்த நிதிகள் எதுவும் உதவாது. மாவட்டமெங்கும் துருப்பிடித்து நிற்கும் சறுக்குகளின் கதை இதுதான். புதிய ஊஞ்சலைக் கேட்கும் முன்னால் பழைய ஊஞ்சலுக்கு மாதம் யார் கிரீஸ் போடுவது என்று முடிவு செய்யுங்கள்.

நம் கரையூர்களில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இல்லாமல் வாங்குவது குற்றம். ஊர்க்காரர்தானே என்று வாங்கிவிடாதீர்கள். பணம் போட்டவரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்பது சங்கடம்தான், எங்கள் பொருளாளர் கேட்டு இரண்டு பேரிடம் திட்டு வாங்கினார். இருந்தாலும் கேளுங்கள்.

7. செடி, தண்ணீர், துரு

நடுவதற்குக் காலம் அக்டோபர். நம் மாவட்டத்துக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்று நட்டால் கச்சான் காற்றிலும் வெயிலிலும் ஜூலைக்குள் கருகிவிடும். படம் எடுக்க மட்டும் ஆகும். பூவரசு, புன்னை, வேம்பு, புங்கம் தாங்கும். குழி முழங்கால் ஆழம் எடுத்து, மணலை மாற்றிச் செம்மண்ணும் தொழுவுரமும் போடுங்கள். வெள்ளாட்டுக்கு வேலி எதற்கு வாங்க வேண்டும்? வெட்டிப்போட்ட கருவேல முள்ளைக் கன்றைச் சுற்றிக் கட்டுங்கள். செலவில்லாத கூண்டு.

இரும்பு விஷயத்தில் கடை ஆள் சொல்வதை நம்பாதீர்கள். கடலை விட்டுத் தள்ளிய ஊரில் ஐந்து வருஷம் வருகிற சங்கிலி கரையில் ஒன்றரை வருஷம் வந்தால் பெரிது. ஊஞ்சல் சங்கிலியைத் தூரத்திலிருந்து பார்த்தால் பெயிண்ட் பளபளக்கும். கிட்டே போய், இரண்டு வளையம் உரசும் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எங்களுடையதில் விரல் தடிமன் வளையம் அந்த இடத்தில் மட்டும் தீக்குச்சி அளவுக்குத் தேய்ந்திருந்தது. எட்டு வயதுப் பையன் ஆடிக்கொண்டிருந்தான். அன்றைக்கே கழற்றினோம். இப்போது படகு கட்டும் தடித்த கயிற்றில் தொங்குகிறது, வருஷம் ஒருமுறை மாற்றுகிறோம். துருப்பிடிக்காத எஃகு வாங்குவதானால் 316 ரகம் கேளுங்கள். 304 விலை குறைவு, உப்புக்காற்றில் பழுப்பேறும். பெஞ்ச் சிமெண்டிலோ கருங்கல்லிலோ இருக்கட்டும்.

8. குப்பை

வாரம் ஒருநாள் பெருந்துப்புரவு, தினமும் சிறு பெருக்கல். உள்ளாட்சி வண்டி வரும் நாளுக்கு முந்தின மாலை சேகரியுங்கள். இல்லாவிட்டால் கட்டிவைத்த மூட்டையை நாய் பிரித்துப்போடும். பாட்டிலும் தகரமும் காயலான் கடைக்கு. அறுந்த வலையைத் தனியாக மூட்டை கட்டுங்கள், அது மறுபடி கடலுக்குள் போனால் ஆமைக்கு எமன். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு மாநிலத்தில் தடை இருக்கிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் உள்ளாட்சி சுகாதார ஆய்வாளரைக் கூட்டிப்போய்ச் சொல்ல வையுங்கள்.

கரை ஒதுங்கும் கடற்புல் குப்பை இல்லை. வடகடல் பக்கம் அடுக்கடுக்காய்க் கிடக்கும், நாறும். அது மணலைக் கட்டும், அப்படியே விடுங்கள். அதில் சிக்கிய நெகிழியை மட்டும் கையால் பொறுக்குங்கள். ஆமையோ ஆவுளியாவோ (கடற்பசு) செத்து ஒதுங்கினால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடல் அட்டை உயிரோடு கிடந்தாலும் எடுக்கக் கூடாது, வனவிலங்குச் சட்டத்தில் வழக்காகிவிடும். தன்னார்வலர்கள் உற்சாகத்தில் “தீவுக்கும் போய்ச் சுத்தம் செய்வோமே” என்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

9. கண்காணிப்பு

ஒரு நீள நோட்டு வாங்கிப் பூங்காவுக்கு எதிரே உள்ள டீக்கடையில் தொங்கவிட்டோம். என்ன உடைந்தது, யார் பார்த்தார், எப்போது சரியானது என்று மூன்று பத்தி. மாதக் கணக்கை அதே கடைச் சுவரில் ஒட்டுகிறோம். டீ குடிப்பவர்கள் எல்லோரும் தணிக்கையாளர்கள். “கிரீஸ் டப்பா 180 ரூபாயா?” என்று ஒருவர் கேட்டு, மறுமாதம் 140-க்கு அவரே வாங்கி வந்தார்.

உள்ளாட்சி செய்ய வேண்டியது நடக்காவிட்டால் படிப்படியாகப் போங்கள். முதலில் எழுத்தில் மனு. பதினைந்து நாள் பார்த்து 1100 எண்ணில் புகார், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். பழைய மனுக்களின் நகலைத் தைத்து எடுத்துப்போங்கள், சீக்கிரம் போங்கள், வரிசை நீளம்.

தகவல் உரிமைச் சட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “இந்தச் சர்வே எண்ணில் உள்ள பூங்காவுக்குக் கடந்த மூன்று ஆண்டில் ஒதுக்கிய தொகை, செலவுச் சீட்டுகளின் நகல்” என்று கேளுங்கள். ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் வராது, நகல் கேட்டால் வரும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதில் வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடிதத்தில் ஒரு தேதி இருக்கும், தபால் முத்திரையில் இன்னொன்று இருக்கும். எங்களுக்கு வந்ததில் இரண்டுக்கும் நடுவே 19 நாள் இடைவெளி. மேல்முறையீட்டுக்கு நாள் தாண்டிவிட்டது என்றார்கள், கவரைக் காட்டியதும் வாங்கிக்கொண்டார்கள்.